டேட்டிங் தளங்கள் விற்கும் ஆளுமை அறிக்கை: காசு கொடுத்து வாங்கலாமா?

இணையத்தில் துணை தேட உதவும் தளங்கள் பலவற்றில் கணக்குத் தொடங்கியதும் ஒரு நீண்ட வினாத்தாள் வருகிறது. பொறுமையாக உட்கார்ந்து அதை நிரப்பி முடித்தால், உங்கள் ஆளுமையைப் பற்றிய அறிக்கை தயாராகிவிட்டது என்ற அறிவிப்பு திரையில் தோன்றும். சிறு பகுதியை இலவசமாகக் காட்டுவார்கள். முழுவதையும் படிக்க வேண்டுமானால் தனியாகப் பணம் கட்ட வேண்டும், அல்லது கட்டண உறுப்பினராகச் சேர வேண்டும். அந்த இடத்தில் வந்து நின்று தயங்குகிறவர்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அறிக்கைக்கென்று தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அறிக்கையில் இருப்பவை பெரும்பாலும் பொய்யல்ல. ஆனால் ‘நான் எப்படிப்பட்டவர்’ என்ற கேள்விக்கு மட்டுமே அது ஓரளவு பதில் சொல்லும். பணம் கட்டுகிறவர் தெரிந்துகொள்ள விரும்புவதோ ‘எனக்கு யார் ஒத்துவருவார்’ என்பதை. இந்த இரண்டாவது கேள்விக்கான விடை, ஒருவரை மட்டும் கேட்டு எழுதப்பட்ட அறிக்கையில் இருக்க முடியாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

உளவியலைக் காட்டி ஆட்களைச் சேர்க்கும் வழக்கம் டேட்டிங் தளங்களுக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் நீல் கிளார்க் வாரன் என்ற உளவியலாளர் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய இஹார்மனி தளம், 29 அம்சங்களில் பொருத்தம் பார்ப்பதாக விளம்பரம் செய்தது. தொடக்க காலத்தில் அதன் வினாத்தாளில் நானூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் இருந்தன. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் ஹூகோ ஷ்மாலே வகுத்த சோதனையை வைத்து, 2001ஆம் ஆண்டு காதலர் தினத்தன்று பார்ஷிப் தளம் தொடங்கப்பட்டது. மானுடவியலாளர் ஹெலன் ஃபிஷர், மேட்ச் நிறுவனத்தின் கெமிஸ்ட்ரி தளத்துக்காக, மனிதர்களை நான்கு வகைகளாகப் பிரிக்கும் ஒரு வினாத்தாளை உருவாக்கித் தந்தார். வினாத்தாள் வந்த பிறகு அதன் விடைகளைத் தொகுத்துத் தரும் அறிக்கையும் வந்தது. அதையே தனிச் சரக்காக விற்கவும் முடியும் என்பது தளங்களுக்குப் புரிய அதிக நாள் ஆகவில்லை.

அறிக்கை எப்படித் தயாராகிறது என்பதை அறிந்துகொண்டால், அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பது தானாகவே தெளிவாகிவிடும். ‘முன்பின் அறியாதவர்கள் நிறைந்த இடத்திலும் நான் தயக்கமின்றிப் பேச்சைத் தொடங்குவேன்’ என்ற வாக்கியம் வினாத்தாளில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முற்றிலும் ஒப்புக்கொண்டால் 5, சிறிதும் ஒப்புக்கொள்ளாவிட்டால் 1 என்று மதிப்பெண் கிடைக்கும். இன்னோர் இடத்தில் ‘கூட்டத்தில் நான் ஒதுங்கியே நிற்பேன்’ என்று அதே விஷயத்தைத் தலைகீழாகக் கேட்டிருப்பார்கள். அதற்கான மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டுக் கணக்கிடுவார்கள். எதைக் கேட்டாலும் யோசிக்காமல் ‘ஆம்’ என்று போகிறவர்களின் பதில்கள் கணக்கைக் கெடுத்துவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இப்படிப் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களின் மதிப்பெண்களைக் கூட்டி, ஏற்கெனவே இதே வினாத்தாளை நிரப்பிய பலரின் மதிப்பெண்களோடு ஒப்பிட்டால், ‘புறமுகப் போக்கில் நீங்கள் நூற்றுக்கு 72 பேரை விட முன்னிற்கிறீர்கள்’ என்பது போன்ற ஒரு முடிவு கிடைக்கிறது. அந்த எண் எந்த வரம்புக்குள் வருகிறதோ அந்த வரம்புக்கென்று முன்கூட்டியே எழுதிவைத்த பத்தியைக் கணினி எடுத்து அறிக்கையில் வைக்கிறது. பண்புக்கு ஐந்தாறு பத்திகள், இடையிடையே வரைபடங்கள், பொதுவான அறிவுரைகள் சில என்று சேர்த்தால் ஐம்பது பக்கம் எளிதாக நிரம்பிவிடும்.

இதில் மோசடி எதுவும் இல்லை. மருத்துவமனைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பயன்படும் ஆளுமைச் சோதனைகளும் ஏறக்குறைய இப்படித்தான் இயங்குகின்றன. ஆனால் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: அறிக்கையில் உள்ள தகவல் அத்தனையும் நீங்களே கொடுத்தது. கூட்டத்தில் ஒதுங்கி நிற்பேன் என்று நீங்கள் சொன்னதைத்தான், ‘சிறு வட்டங்களில் ஆழமான உறவுகளை விரும்புகிறவர்’ என்று அது அழகாகத் திருப்பிச் சொல்கிறது. பிறரோடு ஒப்பிட்டு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது மட்டுமே அதில் உள்ள புதிய செய்தி. அந்தப் பிறர் யார், எந்த நாட்டினர், எந்த வயதினர் என்பது சொல்லப்படாவிட்டால் அந்தச் செய்திக்கும் பெரிய மதிப்பில்லை. இவற்றோடு, துணை தேடும் இடத்தில் கேட்கப்படும் கேள்விகளுக்கு மக்கள் தங்களைப் பிறர் எப்படிக் காண வேண்டும் என்று விரும்புகிறார்களோ அதற்கேற்பப் பதில் சொல்லும் வாய்ப்பும் அதிகம். ‘எனக்கு எளிதில் கோபம் வரும்’ என்ற வாக்கியத்துக்கு மருத்துவரிடம் சொல்லும் பதிலும், நாளை ஒருவரோடு பொருத்திப் பார்க்கப் பயன்படப் போகிறது என்று தெரிந்து சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

அப்படியிருந்தும் அறிக்கையைப் படித்தவர்களில் பலர் ‘என்னை அப்படியே எழுதியிருக்கிறார்களே’ என்று வியக்கிறார்கள். இந்த வியப்பை 1948இலேயே ஓர் உளவியலாளர் சோதித்துப் பார்த்துவிட்டார். பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்து, ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவைக் கொடுத்தார்; அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் அனைவருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்களைப் பத்திரிகைக் கடையில் வாங்கிய ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கியிருந்தார். பிறர் உங்களை விரும்ப வேண்டும், பாராட்ட வேண்டும் என்ற ஏக்கம் உங்களுக்கு உண்டு. வெளியே கட்டுப்பாடானவராகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுகிறீர்கள். சில வேளைகளில் கலகலப்பாகவும் சில வேளைகளில் ஒதுங்கியும் இருக்கிறீர்கள் என்ற ரீதியில் அந்த வாக்கியங்கள் போயின. இவை யாருக்குத்தான் பொருந்தாது? உளவியலில் இதை ஃபோரர் விளைவு என்றும், பார்னம் விளைவு என்றும் குறிப்பிடுகிறார்கள். இலவசமாகக் காட்டப்படும் மாதிரிப் பகுதியைப் படித்து ‘இது நானேதான்’ என்று தோன்றினாலும், அந்த உணர்வை மட்டும் நம்பிப் பணம் கட்டக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அறிக்கையில் உங்களைத் தொட்ட ஒரு வாக்கியத்தை எடுத்து, அதற்கு நேர் எதிரான வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். ‘நீங்கள் நெருக்கத்தை விரும்பினாலும் உங்களுக்கென்று சிறிது தனிமையும் தேவைப்படும்’ என்பதற்கு எதிர், ‘உங்களுக்கு நெருக்கமும் வேண்டாம், தனிமையும் வேண்டாம்’ என்பதாக அமையும். அப்படி ஒருவர் உலகில் இருக்க வாய்ப்பில்லை. எனவே முதல் வாக்கியம் உங்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை. மாறாக, ‘விவாதம் சூடுபிடித்தால் விலகிப் போகாமல் அங்கேயே பேசித் தீர்க்க முயல்கிறவர்’ என்ற வாக்கியத்துக்கு எதிரானவர்களை நமக்கு நன்றாகத் தெரியும். சூடு ஆறும் வரை பேசாமல் இருப்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. இத்தகைய வாக்கியங்கள் அறிக்கையில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் ஐம்பது பக்கத்தின் உண்மையான எடை தெரிந்துவிடும்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஓர் அறிக்கை உங்களை மிகச் சரியாகவே அளந்துவிட்டது என்று கொண்டாலும், அது உங்களுக்கு ஏற்ற துணையைக் கண்டுபிடிக்க உதவுமா? இங்கேதான் ஆய்வு முடிவுகள் தளங்களின் வாக்குறுதிகளோடு ஒத்துப்போக மறுக்கின்றன. 2010இல் போர்ஷியா டைரன்ஃபோர்த்தும் சகாக்களும் ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் பெரிய கணக்கெடுப்புகளை எடுத்துக்கொண்டு, தம்பதியரின் ஆளுமைக்கும் உறவில் அவர்கள் அடையும் மனநிறைவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார்கள். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே மனநிறைவு வேறுபடுவதில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை அவரவரின் சொந்த ஆளுமையும், 1 முதல் 3 விழுக்காட்டைத் துணையின் ஆளுமையும் விளக்கின. இருவரின் ஆளுமையும் ஒத்திருப்பது அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே விளக்கியது. ஒத்த குணம் உள்ளவர்களைச் சேர்த்துவைப்பதே தங்கள் சிறப்பு என்று சொல்லும் தளங்களின் அடித்தளத்தையே இந்த எண் அசைக்கிறது.

2017இல் சமந்தா ஜோயல், பால் ஈஸ்ட்விக், ஈலை ஃபிங்கல் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. நூற்றுக்கும் மேற்பட்ட அளவைகளில் தங்கள் குணங்களையும் விருப்பங்களையும் முன்கூட்டியே எழுதிக்கொடுத்தவர்கள், பிறகு ஒருவரையொருவர் சில நிமிடங்கள் மட்டும் சந்தித்துப் பேசினார்கள். யார் பொதுவாகப் பலருக்கும் பிடித்தவராக இருப்பார், யார் பொதுவாகப் பலரையும் விரும்புவார் என்பதை எழுதிக்கொடுத்த விவரங்களிலிருந்து கணினியால் ஓரளவு கணிக்க முடிந்தது. ஆனால் இந்தக் குறிப்பிட்ட நபருக்கு அந்தக் குறிப்பிட்ட நபர் மீது தனியாக ஓர் ஈர்ப்பு ஏற்படுமா என்பதை அதனால் கணிக்கவே முடியவில்லை. துணை தேடுகிறவருக்கு வேண்டியது அந்தக் கடைசி விஷயம் ஒன்றுதான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஏற்கெனவே சேர்ந்து வாழ்கிறவர்களிடமும் இதே போக்கைத்தான் காண்கிறோம். சமந்தா ஜோயலும் பல நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்களும் இணைந்து 43 ஆய்வுகளில் இடம்பெற்ற 11,196 இணைகளின் தரவுகளைத் திரட்டி 2020இல் வெளியிட்ட ஆய்வில், உறவின் தன்மை பற்றிய தகவல்களே அதிகம் பேசின. துணைக்கு நம்மிடம் பற்றுதல் இருக்கிறது என்ற நம்பிக்கை, ஒருவரையொருவர் பாராட்டும் வழக்கம், தாம்பத்திய நிறைவு, சண்டைகளின் அளவு ஆகியவை மனநிறைவின் வேறுபாட்டில் 45 விழுக்காடு வரை விளக்கின. தனிநபரின் குணங்கள் 21 விழுக்காடு வரை விளக்கின. அந்தத் தனிநபர் அம்சங்களிலும் முன்னின்றவை வாழ்க்கையில் திருப்தி, மனச்சோர்வு, நெருக்கத்தைக் கண்டு விலகும் இயல்பு போன்றவை. உறவு தொடங்கிய பிறகு இருவருக்குமிடையே உருவாகும் ஒன்றை, உறவு தொடங்குவதற்கு முன் ஒருவரிடம் மட்டும் கேட்டு அறிந்துவிட முடியாது. அதற்குக் கேள்விகளைக் கூட்டுவதோ பக்கங்களைக் கூட்டுவதோ மருந்தல்ல.

தளங்கள் தங்கள் பக்கம் ஆதாரம் வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். பிரிட்டனில் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு இதே கேள்வியை இஹார்மனியிடம் கேட்டது. லண்டன் பாதாள ரயிலில் 2017இல் வைக்கப்பட்டிருந்த விளம்பரம், தங்கள் பொருத்த முறை அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது என்று சொல்லியிருந்தது. அந்த முறையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு நிலையான காதல் அமையும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களை விட அதிகம் என்பதை நிறுவனத்தால் காட்ட இயலவில்லை என்று கூறி, 2018 ஜனவரியில் அந்த விளம்பரம் தடை செய்யப்பட்டது.

அறிக்கையால் தீமை எதுவும் இல்லையே, படித்துவிட்டுப் போகலாமே என்று நினைப்பவர்களுக்கு ஓகேக்யூபிட் தளம் 2014இல் தானே ஒப்புக்கொண்ட ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். கணக்குப்படி 30 விழுக்காடு மட்டுமே பொருந்தும் சிலருக்கு, நீங்கள் 90 விழுக்காடு பொருந்துகிறீர்கள் என்று அந்தத் தளம் வேண்டுமென்றே தவறாகக் காட்டியது. அனுப்பிய முதல் செய்தி ஓர் உரையாடலாக வளரும் வாய்ப்பு, உண்மையான எண்ணைப் பார்த்தவர்களிடம் 10 விழுக்காடாக இருந்தது. உயர்த்திக் காட்டப்பட்டவர்களிடம் அது 17 ஆனது. உண்மையாகவே 90 பொருந்தி, அதையே பார்த்தவர்களிடம் 20. அச்சிட்ட எண்ணை நம்பியே மனிதர்கள் நடந்துகொள்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இதன் மறுபக்கம் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது: ‘உங்களுக்கு அமைதியானவர்களே ஏற்றவர்கள்’ என்று ஓர் அறிக்கை சொல்லிவிட்டால், கலகலப்பான ஒருவரோடு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பேச்சைக் கூட நாம் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிவிடுவோம்.

பணத்தைப் பொறுத்தவரை, ஐரோப்பிய நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கை அறிந்துகொள்வது பயன் தரும். 2018 நவம்பர் 4ஆம் தேதி ஜெர்மனியில் ஒருவர் பார்ஷிப்பில் 12 மாதக் கட்டண உறுப்பினராகச் சேர்ந்தார், கட்டணம் 523.95 யூரோ. அப்போது அங்கே கட்டண உறுப்பினர்களுக்கு 50 பக்க ஆளுமை அறிக்கை சேர்த்தே வழங்கப்பட்டது. இலவச உறுப்பினர்கள் அதை மட்டும் தனியாக விலைக்கு வாங்க முடிந்தது. நான்கு நாள் கழித்து அவர் ஒப்பந்தத்திலிருந்து விலகினார். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி இணையத்தில் செய்த ஒப்பந்தத்திலிருந்து 14 நாட்களுக்குள் விலக உரிமை உண்டு. ஆனால் அதுவரை பெற்ற சேவைக்கு என்று நிறுவனம் 392.96 யூரோ, அதாவது விலையில் முக்கால் பங்கு கேட்டது. வழக்கு ஹாம்பர்க் நீதிமன்றத்திலிருந்து ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போய், 2020 அக்டோபர் 8இல் தீர்ப்பு வந்தது. முழு விலையைப் பயன்படுத்திய நாட்களின் விகிதத்தில் பிரித்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்பது பொது விதி. அந்த விகிதப்படி நான்கு நாளுக்கு 6 யூரோ கூட வராது. ஒரு பகுதிச் சேவை தொடக்கத்திலேயே முழுமையாகத் தனியே வழங்கப்படும் என்றும், அதற்குத் தனி விலை கொடுக்க வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டும் அந்தப் பகுதியின் முழு விலையையும் கணக்கில் சேர்க்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது.

இந்த விதிவிலக்கைக் கவனமாகப் படிக்க வேண்டும். உறுப்பினர் கட்டணத்தோடு சேர்ந்து வரும் அறிக்கையைப் பெற்றுக்கொண்டு விலகினால் இழப்பு சிறிது. அதே அறிக்கையைத் தனி விலை போட்டு வாங்கினால் அந்தப் பணம் திரும்ப வராமல் போகும் சாத்தியம் மிக அதிகம். ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் வாழும் தமிழர்களுக்கும் இந்த விதிகள் அப்படியே பொருந்தும். வேறு நாடுகளில் இருப்பவர்கள், பணம் கட்டும் பக்கத்தில் அறிக்கைக்குத் தனி விலை போடப்பட்டிருக்கிறதா, உறுப்பினர் காலம் முடிந்ததும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமா என்ற இரண்டையும் அட்டை எண்ணைக் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

பணத்தைத் தவிர வேறொன்றையும் நாம் கொடுக்கிறோம். கோபம், தனிமை, பாலுறவு, குழந்தை விருப்பம், மதம் ஆகியவை பற்றிய நூற்றுக்கணக்கான பதில்கள் நம் பெயரோடும் மின்னஞ்சலோடும் சேர்ந்து ஒரு நிறுவனத்தின் கணினியில் கிடக்கின்றன. 2016இல் ஓகேக்யூபிட் உறுப்பினர்கள் ஏறக்குறைய 70,000 பேரின் விவரங்களை, அந்தக் கேள்விகளுக்கு அவர்கள் தந்த பதில்களோடு சேர்த்து, டென்மார்க்கைச் சேர்ந்த சிலர் திரட்டி இணையத்தில் பொதுவில் போட்டுவிட்டார்கள். உறுப்பினர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அறிக்கையை வாங்காவிட்டாலும் வினாத்தாளை நிரப்பிய அந்தக் கணமே இந்த ஆபத்து தொடங்கிவிடுகிறது என்பதால், பதில் சொல்ல மனம் ஒப்பாத கேள்விகளைத் தாண்டிச் செல்லத் தளம் அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆர்வம் நல்லது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீண்ட உறவு ஒன்று முறிந்த பிறகு, நான் எங்கே அவசரப்படுகிறேன், எங்கே பின்வாங்குகிறேன் என்று நிதானமாக எண்ணிப் பார்க்க ஓர் ஆளுமைச் சோதனை ஒருவருக்கு உதவலாம். ஆனால் அதற்கு டேட்டிங் தளம் தேவையில்லை. உளவியலாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட ஐந்து பெரும் பண்புகளை, அதாவது புதியனவற்றை வரவேற்கும் மனம், பொறுப்புணர்வு, புறமுகப் போக்கு, இணக்கம், மனக்கொந்தளிப்பு (எளிதில் கவலையோ கோபமோ கொள்ளும் இயல்பு) ஆகியவற்றை அளக்கும் கேள்விகள் ஆயிரக்கணக்கில் பொதுச் சொத்தாகவே கிடைக்கின்றன. லூயிஸ் கோல்ட்பர்க் என்ற உளவியலாளர் முன்னின்று உருவாக்கிய ‘இன்டர்நேஷனல் பெர்சனாலிட்டி ஐட்டம் பூல்’ என்ற தொகுப்பை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதிலிருந்து ஜான் ஜான்சன் என்ற பேராசிரியர் தொகுத்த 120 கேள்விச் சோதனையும் 300 கேள்விச் சோதனையும் இணையத்தில் இலவசமாக உள்ளன. நான் முதலில் சொல்வது 120 கேள்விச் சோதனையைத்தான். ஓர் அமர்வில் முடித்துவிடலாம். முடிவுகளில் மனக்கொந்தளிப்பு என்ற பகுதியைச் சற்று நின்று படியுங்கள். உறவில் மனநிறைவோடு தொடர்புடையவையாக ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படும் பண்புகளில் அது முக்கியமானது. தளங்கள் விற்கும் அறிக்கைகளோ அதைத்தான் பெரும்பாலும் மென்மையான சொற்களால் போர்த்தி மறைத்துவிடுகின்றன; வாங்கியவரின் மனம் நோகக் கூடாதே என்ற வணிகக் கவலையே அதற்குக் காரணம் என்பது என் கணிப்பு.

வினாத்தாளை ஏற்கெனவே நிரப்பிவிட்டு, அறிக்கைக்குப் பணம் கட்டாமல் நிற்கிறவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. 2018 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளின் 15ஆம் பிரிவின்படி, ஒரு நிறுவனம் தங்களைப் பற்றி வைத்திருக்கும் தனிப்பட்ட தரவுகளின் நகலை அவர்கள் கேட்டுப் பெறலாம். முதல் நகலுக்குக் கட்டணம் கிடையாது. பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். கடிதத்தில் ‘என் தரவு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், வினாத்தாளுக்கு நான் அளித்த பதில்கள், அவற்றிலிருந்து கணக்கிடப்பட்ட மதிப்பெண்கள், அவை யாருக்கெல்லாம் தரப்பட்டன என்ற விவரம் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிப்பிட்டுக் கேளுங்கள். அழகாக வடிவமைத்த ஐம்பது பக்கம் அதில் வராமல் போகலாம். உங்களைப் பற்றி அவர்கள் சேர்த்துவைத்திருப்பது எது என்பது தெரிந்துவிடும். கணக்கை மூட முடிவு செய்திருந்தால், நகல் கைக்கு வந்த பிறகு அதே முகவரிக்கு எழுதி, 17ஆம் பிரிவின் கீழ் அவற்றை அழித்துவிடும்படியும் கேட்கலாம்.